காடு என்னும் சொல்லும் கொறங்காட்டுக் குடியும்

(பரவையில் உழவர் முன்னிலையில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



தை பிறந்துவிட்டால் இவ்வூர்த் தெருக்களில் ஒரே பேச்சுத்தான். அவனியாபுரத்தில் தொடங்கிப் பாலமேட்டைக் கடந்து அலங்காநல்லூரில் நிறைவுறும் ஏறுதழுவலைக் காண, பரவையிலிருந்து அணியணியாகப் புறப்பட்டுச் செல்வோர் பலர். வாடிவாசல் திறக்கிறது, காளை சீறிப் பாய்கிறது. திமிலைத் தழுவிய இளைஞனுக்குப் பரிசு. தழுவ விடாத காளைக்குப் பெருமை. பொழுது சாய்ந்ததும் கூட்டம் கலைகிறது.

அக்கூட்டத்தில் எவரும் எழுப்பாத வினா ஒன்று உண்டு. அந்தக் காளை ஆண்டின் எஞ்சிய நாள்களெல்லாம் எங்கே மேய்ந்தது? அதை ஈன்ற தாய் எந்தப் புல்லைத் தின்று பால் சுரந்தது? உச்சிவெயிலில் எந்த மரத்து நிழலில் படுத்து அசைபோட்டது? அந்தப் புல்லும் மரமும் அழிந்து போனால், வாடிவாசலுக்கு வரக் காளை எங்கிருந்து கிடைக்கும்?

2014ஆம் ஆண்டு மே மாதம் உச்சமன்றம் ஏறுதழுவலுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் மதுரையிலும் சென்னைக் கடற்கரையிலும் இளைஞர் திரண்டெழுந்தனர். தமிழக அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்சமன்றத்தின் ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. 2024இல் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் பேரரங்கம் ஒன்றும் திறக்கப்பட்டது. விளையாட்டுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் அக்காளையைப் பெற்று வளர்க்கும் மேய்ச்சல் நிலத்துக்கு என்ன காவல் கிடைத்தது? அந்நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த உழவர் குடிக்கு என்ன துணை கிடைத்தது? இன்றைய பொழிவு அதைப் பற்றியதே.

காடு என்றால் என்ன?

பெருமக்களே! கலித்தொகை ஏறுதழுவலை முல்லைத் திணையில் வைத்துப் பாடுகிறது. முல்லை என்பது காடும் காடு சார்ந்த நிலமும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆகவே காளை காட்டின் பிள்ளை என்பது தமிழரின் பழங்கொள்கை. இங்கே காடு என்னும் சொல்லைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அயலார் எண்ணத்தில் காடு வேறு, பண்ணை வேறு. காடென்பது மரங்கள் செறிந்து மாந்தர் விலகி நிற்க வேண்டிய இடம். பண்ணையென்பது மரத்தை வெட்டி அகற்றிய வெளி. ஆங்கிலேயர் 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தின் வாயிலாக இந்தப் பிரிவினையைத் தமிழ் மண்ணில் நிலைநாட்டினர். ஒதுக்கப்பட்ட காடு அரசுக்கு உரியதாயிற்று. அதில் ஆடுமாடு மேய்ப்பது அரசின் இசைவுக்கு உட்பட்டதாயிற்று. இன்றும் மரத்துக்கு ஓர் அலுவலகம், மாட்டுக்கு மற்றோர் அலுவலகம், பயிருக்கு வேறோர் அலுவலகம் என்று முப்பிரிவாகவே ஆட்சி நடைபெறுகிறது.

தமிழுழவர் பேச்சோ வேறு வகையினது. கொங்கு நாட்டு உழவர் ஒருவர் காட்டுக்குப் போவதாகச் சொன்னால், அவர் தம் நிலத்துக்குப் போகிறார் என்பதே பொருள். ஆற்றுநீரும் வாய்க்கால்நீரும் பாய்வது வயல். கிணற்றுநீர் இறைப்பது தோட்டம். வானத்து நீரையே நம்பிக் கிடப்பது காடு. அந்த ஒரு சொல்லுக்குள் மரமும் புல்லும் பயிரும் ஆடும் மாடும் அடங்கும். மதுரைப் பக்கத்தாரும் பருத்திக்காடு என்றும் சோளக்காடு என்றும் வழங்குகின்றனரன்றோ? மரத்தையும் மாட்டையும் மாந்தனையும் பிரிக்காமல் ஒரு சேர வைத்துப் பார்த்த அறிவு அச்சொல்லில் உறைந்திருக்கிறது. அந்த அறிவு வெறும் சொல்லாக நில்லாமல் வேலியும் புல்லும் மரமுமாக வளர்ந்து நிற்கும் நிலம் ஒன்று தமிழகத்தில் இன்றும் உண்டு. அதன் பெயர் கொறங்காடு.

கொறங்காட்டின் அமைப்பு

பரவையைத் தொட்டுச் செல்லும் திண்டுக்கல் சாலையிலேயே வடக்கு நோக்கிப் பயணம் செய்து, ஒட்டன்சத்திரத்தையும் தாராபுரத்தையும் கடந்தால் காங்கயம் வந்துவிடும். நொய்யலாற்றுக்கும் அமராவதியாற்றுக்கும் இடைப்பட்ட வறண்ட மேட்டு நிலம் அது. அமராவதியின் பழந்தமிழ்ப் பெயர் ஆன்பொருநை. ஆன் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஆறு அது. அப்பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். மண்ணோ செம்மண்ணும் சரளையும் கலந்தது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் காற்று ஈரத்தை உறிஞ்சிச் செல்லும். இத்தகைய நிலத்தில் நெல்லையும் வாழையையும் எண்ணிப் பார்க்கவும் இயலாது. இந்த வறுமையைத்தான் கொங்குநாட்டுக் குடிகள் செல்வமாக்கினர்.

கொறங்காட்டுக்கு உறுப்புகள் நான்கு: வேலி, புல், மரம், கால்நடை.

முதலில் வேலி. முட்கிளுவைப் போத்துகளை வரிசையாக நட்டு உயிர்வேலி அமைப்பர். போத்து வேர்பிடித்துத் தழைத்துப் பின்னிக்கொண்ட பின் ஆடும் நுழையாது, மாடும் தாண்டாது. சுற்றுவேலியால் நிலத்தை வளைத்த பின் உட்புறத்தையும் பகுதி பகுதியாகப் பிரிப்பர். வாயிலில் ஒரு படல். அதைச் சாத்திவிட்டால் மாட்டுக்குக் காவலாள் வேண்டியதில்லை. வேலிக்கு உள்ளே கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். கம்பிவேலி நாளாக நாளாகத் துருப்பிடிக்கும். கிளுவைவேலி நாளாக நாளாகத் தடிக்கும்.

அடுத்தது புல். கொழுக்கட்டைப் புல்லே கொறங்காட்டின் உயிர். வேர் ஆழமாக ஓடுவதால் கோடையில் மேற்புறம் காய்ந்தாலும் அடித்தூர் சாவதில்லை. முதல் மழைக்கே பச்சை பிடிக்கும். அதனூடே நரிப்பயறு போன்ற பயற்றுக்கொடிகளும் வேறு பல புற்களும் படரும். ஒரு பகுதியில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றொரு பகுதி ஓய்வு கொள்ளும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நிலத்தை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்தபின் மீண்டும் புல்லுக்கே விட்டுவிடுவர். மண்ணைக் கிளறிப் புல்லைப் புதுப்பிக்கும் வழி அது.

மூன்றாவது மரம். வெள்வேல மரத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக வளரவிடுவர். அதன் இலை சிறிது, நிழல் மெல்லியது. ஆகவே மாட்டுக்கு நிழலும் கிடைக்கும், புல்லுக்கு வெயிலும் கிடைக்கும். புல் காய்ந்து தீனி அருகும் வேனிற்காலத்தில்தான் வெள்வேலங்காய் முற்றி உதிரும். எல்லா வாயிலும் அடைபட்ட வேளையில் மரம் தன் களஞ்சியத்தைத் திறக்கிறது. காயைத் தின்ற ஆடுமாட்டின் வயிற்றில் பதப்பட்ட விதை, எருவோடு விழுந்து மழையில் முளைக்கிறது. இவ்வாறு கால்நடையே மரத்தை விதைத்துவிடுகிறது! முளைத்த கன்றுகளில் வேண்டியவற்றை விட்டு, நெருக்கமானவற்றை நீக்கி, முதிர்ந்தவற்றைக் கருவிக்கும் விறகுக்கும் வெட்டிக்கொள்வது உழவரின் பணி. பெருஞ்செலவு நேரும் ஆண்டில் சில மரங்களை விற்பர். காட்டை மொட்டையடிக்க மாட்டார்கள்.

நான்காவது கால்நடை. காங்கயம் மாடும் செம்மறியாடும் அங்கே பகலும் இரவும் உலவும். மேயும் வாய் புல்லைச் சீர் செய்கிறது. குளம்பு விதையை மண்ணில் அழுத்துகிறது. சாணமும் நீரும் உரமாகின்றன. வெளியிலிருந்து ஒரு மூட்டை வேதியுரமும் அந்நிலத்துக்குள் நுழைவதில்லை.

காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும்; சில திங்களில் நிறம் மாறிச் சாம்பல் வெண்மையாகும். பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்துக்கொரு பெயர் இட்டு வழங்குவர். இவை அகராதியைப் பார்த்து இட்ட பெயர்கள் அல்ல. விடியற்காலையில் படலருகே நின்று மாட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பெயர்கள்.

குடியின் கணக்கு

இந்நிலத்தை ஒரு தலைமுறையில் உருவாக்கிவிட முடியாது என்பதே இதன் சிறப்பு. கிளுவைப் போத்தை நட்டவன் பாட்டன். அவ்வேலிக்குள் மாடு வளர்த்தவன் தந்தை. தானாக முளைத்த வெள்வேலத்தின் நிழலில் நிற்பவன் பேரன். தான் காணப்போகாத நாளுக்காக உழைத்தவனின் கையெழுத்து அங்கே ஒவ்வொரு வேலியிலும் இருக்கிறது.

இவ்வகைக் குடிகளுள் பெயர் பெற்றது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம். கொங்கு நாட்டுப் பட்டக்காரர் மரபுகளுள் ஒன்றான அது, தலைமுறைகளாகக் காங்கயம் மாட்டினத்தைத் தேர்ந்து வளர்த்தது. அக்குடியின் தலைவராக விளங்கிய நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் பெயர் இம்மாட்டினத்தின் வரலாற்றோடு இணைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னாட்டுக் கால்நடை பற்றி ஆய்ந்தவர்களும் அப்பண்ணையைத் தேடிச் சென்று பார்த்துப் பாராட்டினர். பழையகோட்டைச் சந்தையும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுத்தாவணியும் காங்கயம் மாட்டுக்கென்றே பெயர் பெற்றவை. அண்மைக் காலத்தில் காங்கயம் வட்டத்துக் குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நிறுவிய சேனாபதி காங்கயம் கால்நடை ஆய்வு நிறுவனம் இம்மாட்டையும் இதன் மேய்ச்சல் நிலத்தையும் காக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. கொறங்காடு பெருநிலக்கிழார்க்கு மட்டும் உரிய செல்வமாக இருந்ததில்லை. நான்கைந்து ஏக்கர் உடைய சிறுகுடியானவரும் வேலியடைத்து ஒரு சோடி மாடும் சில ஆடும் வளர்த்தனர். நிலமில்லாதவர் பிறர் கொறங்காட்டைக் குத்தகைக்கு எடுத்து மேய்த்தனர். பட்டக்காரரின் பெயரை நூல்கள் எழுதின. கன்று ஈனும் இரவில் கைவிளக்கோடு விழித்திருந்த பண்ணையாளின் பெயரை அவை எழுதவில்லை. சாணம் அள்ளி, பால் கறந்து, நோய்ப்பட்ட மாட்டுக்குப் பச்சிலை அரைத்த பெண்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்களின் கையறிவும் சேர்ந்ததே இந்த மரபு. இதைப் போற்ற எழுவோர் அவர்களையும் சேர்த்தே போற்றுதல் முறை.

இக்குடிகளிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. புல்லுக்கு மேல் மாடு வைக்காதே. மழை பொய்த்தால் மாட்டைக் குறை, வேரை அழிக்காதே. வெட்டும் மரத்துக்கு ஈடாக வளரும் கன்றைக் கணக்கில் வை என்பதே அச்சட்டம். இன்றைய பொருளியலார் முதலை உண்ணாமல் வட்டியை மட்டும் உண்பது என்று விளக்கும் கோட்பாட்டை, ஏடறியாத உழவர் படலருகே நின்று கடைப்பிடித்தனர்.

உலகம் இன்று கண்டுகொண்டது

மரமும் மேய்ச்சலும் ஒன்றாக இயங்கும் இம்முறையை உலகம் இன்று புதுமையாகப் பேசுகிறது. காடு கலந்த வேளாண்மையை ஆய்வதற்கென்றே பன்னாட்டு அமைப்பு ஒன்று 1978இல் உருவாயிற்று. அதன் தலைமையிடம் ஆப்பிரிக்காவின் நைரோபி நகரம். இந்திய நடுவணரசு 2014இல் வேளாண்காட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒன்றிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது.

ஐரோப்பாவில் இசுபெயின், போர்த்துகல் ஆகிய நாடுகளில் இதையொத்த நிலம் உண்டு. அங்கே மரம் கருவாலி. அதன் கொட்டையைப் பன்றி தின்னும். அடியிலுள்ள புல்லை ஆடும் மாடும் மேயும். தக்கைக் கருவாலியின் பட்டையை ஒன்பதாண்டுக்கு ஒரு முறை உரித்துப் புட்டிகளுக்கு மூடி செய்வர், மரத்தை வெட்டுவதில்லை. போர்த்துகல் 2011இல் அம்மரத்தைத் தன் நாட்டு மரமாக அறிவித்தது. அதை வெட்ட அரசின் இசைவு வேண்டும். அங்கே கருவாலிக்கு வாய்த்த மதிப்பில் பத்திலொரு பங்கேனும் இங்கே வெள்வேலத்துக்கு வாய்த்ததா? மதுரையில் படித்தவர் பலர்க்கு வெள்வேலத்துக்கும் சீமைக்கருவேலத்துக்கும் வேறுபாடு தெரியுமா?

கொழுக்கட்டைப் புல்லின் வரலாறும் கேட்கத்தக்கது. அறிவியலார் செங்கிரசு சிலியாரிசு எனப் பெயரிட்ட அப்புல் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவின் வறண்ட பகுதிகளுக்கும் உரியது. மேய்ச்சலுக்கென்று ஆசுத்திரேலியாவில் பெரும்பரப்பில் விதைத்தனர். அங்கே அது மாட்டுக்குத் தீனியானதோடு, அம்மண்ணுக்குரிய செடிகளை நெருக்கித் தீப்பரவலுக்கும் வழிவகுத்தது. ஒரே புல், ஓரிடத்தில் அமுதம், மற்றோரிடத்தில் இடர். புல்லை மட்டும் பெயர்த்துச் செல்லலாம். அதற்கு அளவு வகுத்த வேலியையும் மாட்டையும் குடியையும் பெயர்த்துச் செல்ல முடியாது. மண்ணோடு பொருந்திய மரபின் அருமை இதனால் விளங்கும்.

தேய்வு வந்த வழி

இத்துணைச் சிறந்த மரபு ஏன் தேய்கிறது? பழியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டுப் போதல் எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

முதலில் மாட்டின் வேலை போயிற்று. கொங்கு நாட்டில் ஆழக்கிணற்றிலிருந்து கவலை இறைத்தவை காங்கயம் எருதுகள். மின்பொறி வந்ததும் கவலை நின்றது. ஏரை உழுபொறி விழுங்கியது. வண்டியைச் சரக்குந்து விழுங்கியது. உழைப்புக்கென்று வளர்த்த இனத்துக்கு உழைப்பு இல்லாமற் போயிற்று.

அடுத்துப் பாலைக் கொண்டு மாட்டை அளக்கும் காலம் வந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. செர்சி முதலான அயலினக் காளைகளின் விந்தைக் கொண்டு கலப்பினக் கன்றுகள் பெருக்கப்பட்டன. காங்கயம் ஆ நாளொன்றுக்கு இரண்டு மூன்று இலிட்டர் பால் தருவதே மிகுதி. கலப்பின மாடு அதைப் போலப் பல மடங்கு தரும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஏழைத்தாய் எதைத் தேர்வாள்? அவளைக் குறை கூறுதல் அறமாகாது. குறை கூற வேண்டியது அளவுகோலை. குறைந்த நீரில், காய்ந்த புல்லில், கொடிய வெயிலில், மருந்துச்செலவு மிகாமல் வாழும் வலிமையை அந்தக் கோல் அளக்கவில்லை. மண்ணுக்குத் திரும்பும் எருவையும் அளக்கவில்லை. பால் மட்டும் கணக்கில் ஏறியது. பாலுக்கு ஆகும் செலவு உழவன் தலையில் ஏறியது.

மூன்றாவது நிலப்பிரிவினை. பத்து ஏக்கர்க் கொறங்காடு மூன்று மக்களுக்கும் அவர்களின் மக்களுக்கும் பிரிந்தால், ஒவ்வொருவர் பங்கிலும் ஒரு மாடு மேயும் அளவுக்கும் புல் எஞ்சாது. ஓய்வுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கும் வழியும் இராது. மேய்ச்சல் முறை குலைந்ததும் புல் அழிகிறது; புல் அழிந்ததும் மாடு விற்கப்படுகிறது; மாடு விற்கப்பட்டதும் நிலம் விற்கப்படுகிறது.

நான்காவது நிலத்தின் விலை. மாட்டை வாட்டிய அதே கணவாய்க் காற்று, மின்னாக்கும் காற்றாலைகளுக்கு வாய்ப்பாயிற்று. காற்றாலையும் ஆலைக் கட்டடமும் வீட்டுமனையும் கொறங்காட்டை நோக்கி நகர்ந்தன. காற்றாலை தீயதென்பது கருத்தன்று, மின்னும் வேண்டும். ஆனால் வருவாய் தராத வெற்று நிலம் என்று ஏடுகளில் குறிக்கப்பட்ட இடமெல்லாம் வெற்று நிலம் அன்று என்பதை எவர் எடுத்துரைப்பது? மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதும் கை, ஒரு சொல்லாலேயே அதைப் பாதி அழித்துவிடுகிறது.

ஐந்தாவது சொல்லிழப்பு. மயிலையையும் பிள்ளையையும் பிரித்தறியாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். படல், போத்து, கவலை, கிடை என்ற சொற்கள் பாட்டியோடு பாட்டியாகச் சுடுகாடு செல்கின்றன. புல்லின் பெயர் தெரியாதவன் அப்புல் அழிந்ததையும் அறிய மாட்டான். பெயர் போனால் பொருள் போவது கண்ணுக்குத் தெரியாது. பொருள் போனால் பெயரை மீட்பதும் அரிது. தமிழ்காக்கும் பணியும் நிலங்காக்கும் பணியும் ஒன்றையொன்று தழுவி நிற்பது இவ்விடத்திலேதான்.

மதுரைப் பக்கத்து நிலை

இது கொங்கு நாட்டின் சிக்கல், பரவைக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணலாம். மதுரைக்கும் சிவகங்கைக்கும் உரிய மாடு புலிக்குளம் மாடு. சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் என்னும் ஊரின் பெயரே அதன் பெயர். கிடைமாடு என்றும் மக்கள் வழங்குவர். நூற்றுக்கணக்கில் மந்தையாக ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த வயலில் இரவு முழுதும் கிடை போடுவர். கிடை போட்ட வயலுக்கு அவ்வாண்டு வேறு உரம் வேண்டா. ஏறுதழுவலில் புகழ் பெற்ற காளைகள் பல இவ்வினத்தவை. தனியினமாக அரசின் பதிவும் இதற்கு உண்டு. மதுரையிலிருந்து இயங்கும் சேவா என்னும் தன்னார்வ அமைப்பு, புலிக்குளம் மாடு பற்றியும் காங்கயத்துக் கொறங்காடு பற்றியும் செய்திகளைத் திரட்டி வெளியிட்டுள்ளது. ஆகவே இவ்விரு மரபுகளையும் ஒருங்கே பார்த்த கண் இம்மதுரை மண்ணிலேயே உண்டு.

கொங்கு நாட்டில் மாடு வேலிக்குள் மேய்ந்தது. பாண்டிநாட்டில் மாடு ஊர் ஊராக நடந்தது. முறை வேறு, நெறி ஒன்றே. இங்கும் இடர் ஒன்றே. 2022 மார்ச்சில் சென்னை உயர்முறைமன்றம் தமிழகக் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடை செய்தது. பின்னர் அதே திங்களில் அத்தடையைப் புலிக்காப்பகம், காட்டுயிர்ப் புகலிடம் முதலியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. காட்டுயிர்க்கு இடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மலைமாட்டை ஓட்டிப் பிழைக்கும் தேனி மாவட்டத்து ஆயர் எங்கே போவர்? காட்டில் இடமில்லை, வயல் வீட்டுமனையாயிற்று, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரத்தின் காயையும் ஆடுமாடு தின்கிறது. விதை எருவோடு முளைக்கிறது. வெள்வேலம் பரவிய அதே வழியில்தான் அதுவும் பரவியது. வேறுபாடு யாதெனின், வெள்வேலத்துக்கு அளவு வகுத்து நின்ற குடி ஒன்று இருந்தது. கண்மாய்ச் சீமைக்கருவேலத்துக்கு அளவு வகுக்க எவரும் இல்லை.

செய்யத்தக்கவை

அவையோரே! பழம்பெருமையைப் பாடிக் கலைவதால் ஒரு புல்லும் முளைக்காது. செய்யத்தக்கன சில உள.

காளை வளர்ப்போர் அதன் தாயையும் வளர்த்தல் வேண்டும். ஒரு நாள் ஆட்டத்துக்குக் காளையைப் பேணி, ஆவை அடிமாட்டுக்கு விற்றுவிட்டால் இனம் எங்ஙனம் தழைக்கும்?

ஊருக்கு ஊர் மேய்ச்சற் புறம்போக்கு எவ்வளவு, அது இப்போது யார் கையில் உள்ளது என்பதைச் சிற்றூர் அவைகளில் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். கேட்கப்படாத நிலமே முதலில் காணாமற் போகிறது.

உடன்பிறந்தார் நிலத்தைப் பிரித்துக்கொள்ளினும் மேய்ச்சலைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். உரிமை தனித்தனியாக இருக்கட்டும். வேலி ஒன்றாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு பகுதி மேய்ச்சலுக்கு, ஒரு பகுதி ஓய்வுக்கு என்று முறை வைத்துக்கொள்ளட்டும்.

அரசு, கொறங்காட்டைத் தரிசு என்று எழுதுவதை விடுத்து, மேய்ச்சற்காடு என்று தனியே குறித்தல் வேண்டும். வெள்வேலமும் கிளுவைவேலியும் காக்கும் உழவர்க்கு ஊக்கத்தொகை வழங்கலாம். மரம் நடு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, மரத்தை மாட்டின் வயிற்றாலேயே விதைத்துத் தரும் உழவனுக்குச் சென்றால் என்ன கேடு?

இறுதியாக, ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பணி செய்தல் வேண்டும். ஊரிலுள்ள முதியோரை அணுகி, அவர் அறிந்த புல்லின் பெயர், மரத்தின் பெயர், மாட்டின் நிறப்பெயர், நோய்ப்பெயர், மருந்துப்பெயர் யாவற்றையும் கேட்டு எழுதுதல் வேண்டும். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. வள்ளுவரே அப்பொருளில் ஆண்டுள்ளார். அச்செல்வத்தின் கணக்கேடு முதியோர் நெஞ்சில் இருக்கிறது. அவர் கண்மூடும் முன் அதைப் படியெடுத்தாக வேண்டும்.

பெருமக்களே! காங்கயத்துக் கொறங்காட்டில் மாலைப்பொழுதில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். படல் திறக்கிறது. மயிலைப் பசு முன்னே வர, அதன் செங்கன்று பின்னே துள்ளி வருகிறது. கன்றின் செம்மை இன்னும் சில திங்களில் மாறி, அதுவும் தாயைப் போல மயிலையாகும். அதற்குப் புல்லும் நிழலும் வேண்டும்; படலைத் திறந்துவிட ஒரு கையும் வேண்டும். பாட்டன் வேலி நட்டுக் கொடுத்தான். தந்தை அதைக் காத்துக் கொடுத்தான். படலருகே இப்போது நிற்பவன் பேரன். அதைத் திறப்பதா, பிடுங்கி விற்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவன் அவனே. வரும் தையில் வாடிவாசல் முன் நிற்கும்போது, தமிழகத்தின் படல்களெல்லாம் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்க!

வாழ்க ஆனிரை! தழைக்க காடு! ஓங்குக உழவர் குடி!